வாழைத்தோட்டத்தின் பக்கம் நீட்டிய கால்

நல்லூர்க் கோயிலில் கொடியேறிவிட்டது, மடு மாதா திருவிழா இன்னும் வரவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் வந்த ஒரு செவ்வாய்க்கிழமை என் வலது குதிக்காலில் கொப்புளம் எழுந்தது. ஆண்டு 2022. என் விடுதி அறைத் தோழன் அது புதன்கிழமை என்று இன்றைக்கும் வாதிடுவான். புதன் அல்ல. அந்தக் கிழமை வியாழன் பௌர்ணமிப் போயா விடுமுறை. விடுமுறைக்கு முதல்நாள் நான் நொண்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆகவே கொப்புளம் அதற்கு முந்திய நாளே வந்திருக்க வேண்டும். நாட்களை நான் இப்படி ஒன்றில் ஒன்றைக் கட்டித்தான் வைத்திருக்கிறேன்.

தன்வரலாறுகள் பலவற்றை வாசித்திருக்கிறேன். பெரிய மனிதர்களுக்குக் காசநோய் வருகிறது, மலேரியா வருகிறது, சிறையில் வயிற்றோட்டம் வருகிறது. குதிக்காலில் கொப்புளம் வந்ததாக எவரும் எழுதி நான் பார்க்கவில்லை. எனக்கு அதை எழுதுவதில் கூச்சமில்லை. அந்தக் கொப்புளத்தால் நான் செய்த ஒரு காரியத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிமிர்கிறது.

அப்போது நான் வலிகாமத்தில் ஓர் ஆசிரியர் கல்லூரியில் விடுதியில் தங்கிப் படித்தேன். வீடு கடலோரத்தில், குருநகரில். தூரம் அதிகமில்லை என்றாலும் விடுதிச் சட்டத்தின்படி நினைத்த நேரத்தில் வீட்டுக்குப் போக முடியாது. கற்பித்தற் பயிற்சிக்காக என்னையும் அறைத் தோழனையும் நீர்வேலிப் பக்கத்தில் வாழைத்தோட்டங்களுக்கு நடுவில் இருந்த ஒரு சிறிய ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்கு விட்டிருந்தார்கள். எனக்குத் தரம் நான்கு வகுப்பு. பயிற்சியின் முடிவில் வெளியிலிருந்து ஒரு பரீட்சகர் வந்து ஒரு பாடம் முழுவதும் வகுப்பில் இருந்து பார்ப்பார். அவர் போடுகிற புள்ளியில்தான் எல்லாம் இருக்கிறது. என் முறை மடுத் திருவிழா முடிந்து வரும் வியாழக்கிழமை. பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் அது. பரீட்சகர் ஒரே நாளில் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார், இன்னொரு முறை வரமாட்டார். அன்று வகுப்பில் இல்லாதவர்கள் அடுத்த அணியோடு சேர்ந்து பயிற்சியைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று எங்கள் விரிவுரையாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

எனக்கு அது வெறும் ஒரு வருடப் பிந்தலாக மட்டும் இருக்கவில்லை. எங்கள் தெருவில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். கல்லூரிக்கு அனுமதி கிடைத்த அன்றிலிருந்தே என்னை 'வாத்தியார்' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். பகிடியாகத் தொடங்கிய பெயர் மெல்ல மெல்ல நிலைத்துவிட்டது. அந்தப் பெயரோடு போய் இன்னும் ஒரு வருடம் படிக்க வேண்டும் என்று சொல்ல என்னால் முடியாது.

பரீட்சைக்கென்று புதுச் சப்பாத்து வாங்கினேன். கறுப்புத் தோல், கண்ணாடி போல மினுங்கும். பரீட்சையன்று புதுச் சப்பாத்து கடித்தால் கஷ்டம் என்று, முன்னதாகவே போட்டுப் பழக்க நினைத்தேன். பஸ் ஒழுங்காக ஓடவில்லை. விடுதியிலிருந்து பள்ளிக்கூடம் நடந்து போகக்கூடிய தூரந்தான். புதுச் சப்பாத்தோடு நடக்கிற தூரம் அல்ல. செவ்வாய் பின்னேரம் காலுறையைக் கழற்றியபோது கொப்புளத்தின் தோல் காலுறையோடு வந்துவிட்டது.

விடுதியில் வைத்தியர்களுக்குக் குறைவில்லை. ஒருவன் பற்பசை பூசச் சொன்னான். இன்னொருவன் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டச் சொன்னான். மூன்றாவது ஆள் மெழுகுதிரியை உருக்கிக்கொண்டே வந்துவிட்டான். நெல்லியடியைச் சேர்ந்த என் அறைத் தோழன் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னான்.

"ஒரு பொக்குளத்துக்கு ஆஸ்பத்திரியோ?" என்றேன். "எங்கடை ஆக்கள் உதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போறேல்லை. கடல் தண்ணி பட்டால் காணும்."

"இஞ்சை எங்கையடா கடல்? வாழைக்கு இறைக்கிற கிணத்துத் தண்ணிதான் இருக்கு."

"வரும்," என்றேன்.

குருநகரில் பிறந்தவனுக்கு இந்த நம்பிக்கை தாய்ப்பாலோடு வருவது. மீனின் முள், சிப்பி, மட்டி, உடைந்த போத்தல் என்று எங்கள் ஆட்களின் கால்களில் கிழிபடாத இடமில்லை. எல்லாக் காயத்துக்கும் ஒரே மருந்துதான்: மறுநாளும் கடலுக்குள் இறங்குவது. என் அப்பாவின் கால்கள் அதற்குச் சாட்சி. ஆகவே அக்காவின் கணவருக்குத் தொலைபேசி எடுத்தேன். போயா விடுமுறையன்று அத்தான் விடுதி வாசலுக்கு வந்தார். மோட்டார் சைக்கிளின் பின்னால், மண்ணெண்ணெய் வாங்குகிற மாதிரியான ஒரு பெரிய பிளாஸ்ரிக் கான். அதற்குள் எங்கள் கடல்.

"விடியக்காலமை கடல் வத்த முதல் அள்ளினது," என்றார் பெருமையாக. "நல்ல தெளிஞ்ச தண்ணி. பார், அடியிலை மணல்கூட இல்லை. ஆனால் வாத்தியார், திரும்பக் கொண்டுவரச் சொல்லிக் கேட்டுப்போடாதையும். எனக்குக் கிடைக்கிற பெற்றோல் இந்தக் கிழமைக்கு இவ்வளவுந்தான்."

இந்த இடத்தில்தான் எல்லாம் பிழையாகிப் போனது. திரும்பவும் கொண்டு வர முடியாது என்பதால் அந்தத் தண்ணீரை நான் பொன்போலப் பாவித்தேன். காலையும் மாலையும் ஒரு பிளாஸ்ரிக் பேசினில் ஊற்றிக் காலை வைத்திருப்பேன். பிறகு ஒரு சொட்டும் சிந்தாமல் திரும்பவும் கானுக்குள் ஊற்றி மூடிக் கட்டிலின் கீழ் வைப்பேன். எங்கள் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை வற்றிப் பெருகிக் கழுவிக்கொண்டு போகிற கடல். மூடிய கானுக்குள் ஓகஸ்ட் வெக்கையில் கிடக்கிற தண்ணீர் வற்றுவதுமில்லை, பெருகுவதுமில்லை. அதை எனக்குச் சொல்ல அங்கே இன்னொரு குருநகரான் இல்லை. இருந்திருந்தாலும் அவனும் என்னைப்போலத்தான் செய்திருப்பான் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை அறைக்குள் ஒரு வாடை வந்தது.

"டேய், கட்டிலுக்குக் கீழை கருவாடு வைச்சிருக்கிறியோ?" என்றான் தோழன்.

"கடல் மணமடா அது. உனக்குப் பழக்கமில்லை."

"நான் பருத்தித்துறைக் கடலுக்குப் பக்கத்திலை வளந்தவன். கடல் இப்பிடி மணக்கிறதெண்டால் நாங்கள் ஊரை விட்டே ஓடியிருப்பம்."

ஞாயிறு பின்னேரம் உடம்பு நடுங்கத் தொடங்கியது. குதிக்காலில் சீழ். பாதம் பொம்மி நரம்பெல்லாம் மறைந்துவிட்டது. கணுக்காலிலிருந்து மேலே சிவப்பாக ஒரு கோடு ஏறியிருந்தது. தொடையிடுக்கில் நெறி கட்டி, தொட்டால் உயிர் போனது. திங்கட்கிழமை காலை, மடுவில் மாதாவின் திருவிழாப் பூசை நடந்துகொண்டிருந்த நேரம், தோழன் என்னைச் சைக்கிளில் ஏற்றிப் பக்கத்து அரச ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். வழி முழுவதும் ஒரு கேலியும் சொல்லவில்லை. அதிலிருந்துதான் என் கால் எந்த நிலையில் இருக்கிறது என்று எனக்கு விளங்கியது.

வைத்தியர் இளைஞர், என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம்.

"பொக்குளத்துக்கு என்ன போட்டனீர்?"

"கடல் தண்ணி, டொக்டர்."

"கடலுக்குப் போய்க் கழுவினீரோ?"

"இல்லை, கடலைக் கொண்டு வந்தது. கானிலை."

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனையை நிறுத்தினார். "ஒவ்வொரு நாளும் புதுத் தண்ணியோ?"

தோழன்தான் சொன்னான்: "அதே தண்ணிதான் டொக்டர். கால் வைச்சிட்டுத் திரும்பக் கானுக்கை ஊத்தி வைக்கிறவர். மிச்சம் பிடிக்கிறாராம்."

"என்ன படிக்கிறீர்?"

"வாத்தியார் படிப்பு. ஆரம்பக் கல்வி."

"ஆரம்பத்திலேயே இப்பிடியெண்டால்," என்று சொல்லிவிட்டு அவர் கையுறையை மாட்டினார். சீழை வெளியேற்றும்போது நான் கத்தவில்லை. தோழனின் கையைப் பிடித்திருந்தேன். கத்தியது அவன்தான்.

பிறகு வைத்தியர் பேனையால் என் காலில், சிவப்பு முடிகிற விளிம்பைச் சுற்றி, ஒரு கோடு வரைந்தார். தேசப்படத்தில் எல்லை போடுவதைப்போல. சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டினால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தம், உள்ளே சுருங்கினால் வேலை செய்கிறது என்று அர்த்தம். நாளத்தில் ஊசி ஏற்றுவதற்கு வார்ட்டில் தங்க வேண்டும் என்றார்.

"வியாழக்கிழமை எனக்குப் பரீட்சை, டொக்டர். அண்டைக்கு வகுப்பிலை நிக்காட்டில் ஒரு வருஷம் போகும்."

"கால் வேணுமோ, பரீட்சை வேணுமோ?"

"ரெண்டும் வேணும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு சொன்னார்: "சிவப்பு கோட்டுக்குள்ளை இறங்கினால் வியாழக்கிழமை காலமை விடுறன். கையிலை ஊசிக்குப் போட்ட கனுலாவைக் கழட்டமாட்டன், பின்னேரம் ஊசிக்குத் திரும்பி வரவேணும். இன்னொண்டு. நிண்டு படிப்பிக்கேலாது. இருந்து படிப்பிச்சாலும் காலைத் தொங்கவிடேலாது. இடுப்புக்கு மேலை தூக்கி நீட்டி வைச்சிருக்க வேணும். தொங்கவிட்டீரெண்டால் திரும்ப இஞ்சைதான். அதுக்குப் பிறகு நான் பரீட்சையைப் பற்றிக் கதைக்க விடமாட்டன்."

திருவிழாவுக்குப் போயிருந்த அம்மா அன்று மத்தியானம் மடுவிலிருந்து தொலைபேசி எடுத்தார். பின்னால் ஒலிபெருக்கியில் பாட்டும் சனத்தின் இரைச்சலும். அக்கா வழியாக எல்லாம் தெரிந்துவிட்டது. அழுவார் என்று நினைத்தேன். மாதாவிடம் சொல்லிவிட்டேன், கால் சுகப்படும் என்று அந்த விஷயத்தை ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். அவருடைய கவலை வேறு.

"காலை நீட்டிக்கொண்டோ படிப்பிக்கப் போறாய், மோனை?"

"ஓம் அம்மா. டொக்டர் சொல்லிப்போட்டார்."

"பிள்ளையளுக்கு முன்னாலையோ?"

அம்மா நிறுத்தவில்லை.

"அது சைவப் பள்ளிக்கூடம். சாமிப்படம் கொழுவியிருப்பினம். வேதக்காரப் பெடியன் வந்து சரஸ்வதிக்கு முன்னாலை காலை நீட்டிக்கொண்டு இருந்தவன் எண்டு பேர் வந்தால், பாஸ் பண்ணி என்ன, பெயில் விட்டு என்ன? சுகமில்லாத கால் எண்டு பிள்ளையளுக்கு விளங்குமோ? பிள்ளையளுக்கு முன்னாலை காலை நீட்டிறவன் வாத்தியாரோ?"

தொலைபேசியை வைத்த பிறகு காலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அம்மா சொன்னது சரி. எங்கள் வீட்டில் அப்பாவின் முன்னால் நான் ஒருநாளும் கால் நீட்டி இருந்ததில்லை. உள்ளங்காலைக் காட்டுவது முகத்தில் அடிப்பதற்குச் சமம். அந்தப் பள்ளிக்கூடத்தில் வேதக்காரன், கிறிஸ்தவன், நான் ஒருவன்தான். என்னை ஒருநாளும் வேறாக நடத்தாத பிள்ளைகள். காலையில் அவர்கள் தேவாரம் பாடும்போது நானும் கைகூப்பி நிற்பேன். அந்தப் பிள்ளைகளுக்கு நேரே என் உள்ளங்காலை நீட்டிக்கொண்டு புள்ளி வாங்க எனக்கு மனமில்லை.

செவ்வாய் பின்னேரம் தோழன் வந்தான். சிவப்பு பேனைக்கோட்டுக்குள் சற்று இறங்கியிருந்தது. அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். கட்டிலில் இருந்த சாப்பாட்டுத் தட்டத்தை வகுப்பறையாக்கினோம். பிஸ்கற் துண்டுகள் பிள்ளைகள் இருக்கும் வாங்குகள், என் பேனை நான்.

"வடக்காலை கரும்பலகை. அதுக்கு மேலை சரஸ்வதி," என்றான் அவன். "அங்கை நீட்டேலாது."

"தெற்காலை தட்டி. தட்டிக்கு அங்காலை தரம் மூண்டு. தட்டியிலை ஓட்டை. பிள்ளையள் எட்டிப் பாப்பினம்."

"கிழக்காலை வாசல். வாசலுக்கு நேரை முத்தத்திலை பிள்ளையார்."

"மேற்காலை?"

"மேற்காலை அரைச்சுவர். அங்காலை வாழைத்தோட்டம். வாழைக்கு நீட்டலாம், வாழை கோவிக்காது."

"வாழைக்கு நீட்டினால் நான் அரைச்சுவரோடை இருக்கவேணும். அப்ப பிள்ளையளுக்கு என்ரை முதுகல்லோ தெரியும்?"

தோழன் ஒரு பிஸ்கற் துண்டை எடுத்து வாயில் போட்டான். "ஓட்டோவிலை பூட்டுற சைட் கண்ணாடி ஒண்டு கொண்டு வாறன். அதுக்குள்ளை பிள்ளையளைப் பாத்துப் படிப்பி. பரீட்சகர் கேட்டால் புதுக் கற்பித்தல் உபகரணம் எண்டு சொல்லு."

வார்ட்டில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம். சிரித்து முடிய நான் பிஸ்கற் துண்டுகளை எடுத்துத் தட்டத்தின் நடுவில் ஒரு வழியை விட்டு, இரு பக்கமும் எதிரெதிராக அடுக்கினேன். வழி கிழக்கிலிருந்து மேற்கே போனது. பேனையைக் கிழக்கு முனையில், வாசல் பக்கத்தில் வைத்தேன். நான் அங்கே இருந்து காலை நீட்டினால் அது நடுவழியால் நேரே வாழைத்தோட்டத்துக்குப் போகும். பிள்ளைகள் வழியின் இரு பக்கமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். எல்லோருடைய முகமும் எனக்குத் தெரியும். என் உள்ளங்காலுக்கு நேரே எவரும் இருக்கமாட்டார்கள்.

"எங்கடை தெருவிலை மாதா சுருவம் சுத்தி வரேக்கை சனம் இப்பிடித்தான் ரெண்டு பக்கமும் நிக்கும்," என்றேன்.

"எங்கடை தேருக்கும் அப்பிடித்தான். ஆனால் ஒண்டு கேக்கிறன், இதிலை உன்ரை காலோ சுருவம்?"

"வாயைக் கழுவு," என்றேன். ஆனால் அந்த ஒழுங்கு என்னுடையது. இதுவரை எந்தப் புத்தகத்திலும் நான் அதை வாசித்திருக்கவில்லை. தட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நான் வாத்தியாராகிவிட்டேன் என்று முதல் முறை நினைத்தது அந்தக் கட்டிலில்தான்.

ஒழுங்கு மாறியதால் பாடமும் மாறவேண்டியிருந்தது. நீளம் அளத்தல் என் பாடம். முந்திய திட்டத்தில் பிள்ளைகள் குழுக்களாக இருந்து ஒவ்வொன்றாக அளப்பார்கள், நான் குழுவுக்குக் குழு நடந்து போவேன். இனி நடக்க முடியாது. ஆகவே நடப்பதைப் பிள்ளைகளிடம் விட்டேன். நடுவழியின் நீளத்தை அவர்கள் தங்கள் பாதத்தால் அளக்கட்டும், கரும்பலகையில் அவர்களே எழுதட்டும். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கணக்கு வரும். அப்போது சண்டை வரும். சண்டை வந்த பிறகு நான் மீற்றரை எடுக்கிறேன். புதன்கிழமை முழுவதும் இதை எழுதினேன்.

வியாழக்கிழமை காலை வைத்தியர் கோட்டைப் பார்த்தார். சிவப்பு நன்றாக உள்ளே போயிருந்தது. "போம்," என்றார். "தொங்கவிடக்கூடாது." அத்தான் ஓர் ஓட்டோவைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். வலது காலை வெளியே நீட்டிக்கொண்டு, கையில் கனுலாவோடு, கழுத்தில் ரையோடு, இடது காலில் மாத்திரம் செருப்போடு நான் பள்ளிக்கூடத்தில் இறங்கினேன். தோழன் பிள்ளைகளைக் கொண்டு வாங்குகளை ஏற்கெனவே மாற்றிவிட்டான். வகுப்பு எனக்காக இரண்டு பக்கமும் எழுந்து நின்றது.

நடந்ததைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். கால் சுகமில்லை, நீட்டி வைக்க வேண்டும், உங்களுக்கோ சரஸ்வதிக்கோ பிள்ளையாருக்கோ நீட்ட எனக்கு விருப்பமில்லை, அதனால் வாழைக்கு நீட்டப்போகிறேன் என்றேன். ஒருவருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. ஒரு சின்னவள் மட்டும், "தோட்டக்காரர் வந்தால் என்ன செய்யிறது, சேர்?" என்று கேட்டாள். அப்போது காலை இறக்குவதாக உறுதி கொடுத்தேன். ஒரு வாங்கின்மேல் தலையணையும் மடித்த துவாயும் வைத்துக் காலை நீட்டினேன். எல்லாம் ஒழுங்கு.

பரீட்சகர் வந்தார். நடுத்தர வயது அம்மையார், கறார்ப் பேர்வழி என்று கல்லூரியில் பெயர். நான் எழும்ப முயன்றேன், கையால் இருக்கச் சொன்னார். பாடத்திட்டத்தை வாங்கினார். வகுப்பைப் பார்த்தார். அவருக்காக வைத்த கதிரை கரும்பலகைப் பக்க மூலையில் இருந்தது. அன்று வெக்கை. மேற்கே அரைச்சுவருக்கு மேலால் சோளகக் காற்று வாழையிலைகளை அடித்துக்கொண்டிருந்தது. அவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு நேரே போய், காற்றுப் படுகிற இடத்தில், அரைச்சுவரோடு, நடுவழியின் முனையில் போட்டு அமர்ந்தார்.

என் உள்ளங்காலுக்கு நேரே.

நான் கடற்கரையில் பிறந்தவன், ஓகஸ்டில் சோளகம் எங்கிருந்து வீசும் என்று சொல்லித்தர வேண்டாதவன். ஆனாலும் தட்டத்தில் பிஸ்கற் அடுக்கும்போது அதை நான் நினைக்கவில்லை. அவரை இடம் மாறச் சொல்வது எப்படி? பேசாமல் காலை இறக்கி நிலத்தில் வைத்தேன். இரத்தம் முழுவதும் ஒரேயடியாகக் குதிக்காலுக்குள் இறங்கியதைப்போல இருந்தது. நெற்றி வியர்த்தது. பாடத்தைத் தொடங்கினேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது. இதற்கு மேல் தாங்காது, பாதியில் நிறுத்த வேண்டி வரும், நிறுத்தினால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டே கேள்வி கேட்டேன். ஒரு பிள்ளையும் கை உயர்த்தவில்லை. எல்லோரும் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தோட்டக்காரரைப் பற்றிக் கேட்ட அதே சின்னவள் எழுந்தாள்.

"மேடம், உங்கை இருக்கப்படாது."

நான் அதட்ட வாயெடுத்தேன்.

"ஏன் இருக்கப்படாது?" என்று கேட்டார் பரீட்சகர்.

"அது சேரின்ரை காலுக்கு விட்ட இடம். நீங்கள் இருந்தால் அவர் நீட்டமாட்டார்."

மற்றப் பிள்ளைகளும் தொடங்கிவிட்டார்கள். "டொக்டர் தொங்கவிட வேண்டாம் எண்டவர், மேடம்." "இங்காலையும் நீட்டேலாது, சரஸ்வதி இருக்கிறா." "அங்காலை பிள்ளையார்." "வாழைக்கு மட்டுந்தான் நீட்டலாம், மேடம்."

பரீட்சகர் என் கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். நடுவழியைப் பார்த்தார். திரும்பித் தனக்குப் பின்னால் இருந்த வாழைத்தோட்டத்தைப் பார்த்தார். எழுந்து, கதிரையை அங்கேயே விட்டுவிட்டு, பிள்ளைகளின் வாங்கில் இருவருக்கு நடுவில் சேலையை ஒதுக்கிக்கொண்டு இருந்தார். சின்ன வாங்கு, முழங்கால் மேசையில் இடித்தது. ஒரு பெடியன் ஓடிப்போய்க் கதிரையையும் ஓரமாக எடுத்து வைத்தான்.

"இப்ப நீட்டலாமோ?" என்று கேட்டார்.

"ஓம்!" என்றது வகுப்பு.

நீட்டினேன். அதற்குப் பிறகு நடந்த பாடத்தைப் போல இன்னொரு பாடம் நான் இன்றுவரை எடுத்ததில்லை. பிள்ளைகள் குதிக்கால் நுனியில் நுனிவிரல் தொட நடந்து வழியை அளந்தார்கள். ஒருவனுக்கு ஒரு கணக்கு, மற்றவளுக்கு வேறு கணக்கு. கரும்பலகையில் எழுதினார்கள், அழித்தார்கள். "நீ காலை இழுத்து வைச்சனி" என்றும் "உனக்குக் கால் சின்னன், அதுதான் கூட வந்தது" என்றும் சண்டை பிடித்தார்கள்.

"அப்ப ஆற்றை கால் சரி?" என்று கேட்டேன்.

"பெரிய ஆளின்ரை கால்தான் சரி. சேரின்ரை காலாலை அளப்பம்."

"உனக்கென்ன விசரே? சேரின்ரை கால் இப்ப வீங்கிக் கிடக்கு. நாளைக்கு வத்தினால் கணக்கு மாறுமல்லோ?"

அதைவிட நன்றாக அந்தப் பாடத்தை நான் விளக்கியிருக்க முடியாது. மாறாத ஓர் அளவு வேண்டும் என்று அவர்களே கேட்ட பிறகுதான் மீற்றர் நாடாவை எடுத்தேன். அதன் மறுமுனையைப் பிடித்தது பரீட்சகர். அவர் பிடிக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. வாங்கில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவன் கையில் கொடுத்தான், அவர் வாங்கிக்கொண்டார்.

மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே போனதும் அவர் என் அருகில் வந்து நின்றார். கையில் அவர் எழுதிய தாள்.

"வாங்குகளை ஏன் இப்பிடிப் போட்டனீர்?"

"காலுக்காக, மேடம். ஒருத்தருக்கு நேரையும் நீட்டாமல் இருக்கிறதுக்கு."

"காலுக்காகவோ?" அவர் தாளைப் பார்த்தார். "நான், பிள்ளையள் ஆளை ஆள் பாத்துக் கதைச்சுப் படிக்கிறதுக்காகத் திட்டமிட்ட வகுப்பறை ஒழுங்கு எண்டெல்லோ எழுதிப்போட்டன். மிகச் சிறப்பு எண்டும் போட்டாச்சு."

"அதை வெட்டுங்கோ, மேடம். நான் அப்பிடி நினைச்சுச் செய்யேல்லை."

"பிள்ளையள் ஆளை ஆள் பாத்துக் கதைச்சவையோ இல்லையோ?"

"கதைச்சவை."

"பாடம் விளங்கினதோ?"

"ஓம்."

"அப்ப நான் ஏன் வெட்டவேணும்? பிள்ளையளுக்கு முன்னாலை காலை நீட்டக் கூச்சப்படுறவன் போட்ட ஒழுங்கு அது. அதையும் கீழை ஒரு வரியிலை எழுதிவிடுறன்."

என் பக்கத்து வாங்கில் வைத்தே எழுதினார். எழுதியதை எனக்குக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. பெறுபேறு வந்தபோது எல்லாவற்றிலும் உயர்ந்த தரமான அதி திறமைச் சித்தி. அதே கிழமை எங்கள் தெருவில் 'வாத்தியார்' என்று கூப்பிடும்போது இருந்த சிரிப்பு நின்றுவிட்டது. அத்தான்கூட, அன்றிலிருந்து, அதை ஒரு சாதாரணப் பெயரைப்போல் கூப்பிடத் தொடங்கினார்.

எனக்கு அந்தச் சித்தியைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. பரீட்சை முடிந்து, ஊசிக்காக ஆஸ்பத்திரிக்குப் போக ஓட்டோ காத்திருந்தது. கெதியாய்ப் போ, வாங்குகளைப் பழையபடி நான் போட்டு விடுகிறேன் என்றான் தோழன். தரம் நான்கு ஒரு வாங்கையும் தொட விடவில்லை. அவர்கள் அடுத்த பாடத்தையும் எதிரெதிரே இருந்துதான் படித்தார்கள். அன்று அவர்களுக்கு வகுப்பெடுத்த ஆசிரியைக்குக் கால் நன்றாகத்தான் இருந்தது.